இறக்கி ஏற்றுமிடம்

லாரி கோரையாற்றுப் பாலத்தோடு நின்றுவிடும்.
பத்து டன் தாங்காது என்கிறது பலகை,
பலகையில் ஓர் ஆடு முதுகு சொறிகிறது.
கொள்முதல் நிலையம் அக்கரையில்.
ஆகவே ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு பயணம்:
டிராக்டரில் பாலம் வரை,
பிறகு வீரமுத்துவின் முதுகில் லாரிக்கு.

"நீங்க என்னம்மா வேலை?"
டிரைவர் எழுதுகிறேன் என்றேன்.
கூத்தாநல்லூர் ஜக்கரியா
ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.
"எங்களப் பத்தியா?"

ஐப்பசி இரண்டாம் வாரம்.
தார்ப்பாய்க்குக் கீழே குறுவை புழுங்குகிறது.
ஈரம் பதினேழுக்குள் இருந்தால் தராசு,
தாண்டினால் திரும்பவும் களம்.
தையல்நாயகியின் நெல்லுக்கு இயந்திரம் இருபத்தொன்று என்றது.
அவள் ஒரு மணியை என் காதருகே கடித்தாள்,
டக்.
"இதுவா இருபத்தொண்ணு?"
அவளுக்கு முன்னால் நின்ற ஒப்பிலாமணிக்கும்
இருபத்தொன்றுதான் வந்திருந்தது.

மூட்டைமேல் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன்.
ஈரமானியின் அட்டை பழசு.
முகவரிக்கு அதனிடம் இருபத்துநான்கு கம்பிதான்;
பதினாறு மெகாபைட்டுக்கு மேல் கை எட்டாது.
எட்டாத இடத்தைச் சொன்னால்
மேல் எண்ணை உதறிவிட்டு
யார் வீட்டிலோ கொட்டிவிட்டுப் போகும்.
அதற்காகவே கெர்னல் தாழ்வில் ஒரு மேடை போட்டிருக்கிறது:
இங்கே இறக்கு, இங்கிருந்து ஏற்றிக்கொள்ளலாம்.

இறக்கியிருக்கிறது, ஒழுங்காக.
பதினாறு புள்ளி இரண்டு,
தையல்நாயகியின் எண்,
ஆளில்லாத மேடையில் கிடக்கிறது.
ஏற்றச் சொல்லும் ஒற்றை வரியை
மூன்று மாதம் முன்பு, தஞ்சாவூரில், ஏசி அறையில்,
நான்தான் எழுதாமல் விட்டேன்.
அங்கே சோதித்த பலகையில் நினைவகமே கொஞ்சம்.
எல்லாமே தாழ்வு. மேடை தேவைப்படவில்லை.
தப்பு என்பதே தெரியவில்லை.

வரியைச் சேர்த்தேன். மறுபடி அளந்தோம்.
அவள் நன்றி சொல்லவில்லை.
"ரெண்டு ராத்திரி இங்கயே காவல் கெடந்தேன்" என்றாள்,
சாக்கூசியில் சணல் கோத்தபடி.

விளக்கு வைக்கும் நேரத்தில் வீரமுத்து வந்தார்.
திரையில் இருநூற்றொன்பது மூட்டை.
பாலத்துக் கைப்பிடிச் சுவரில்
செங்கல் சில்லால் அவர் கிழித்த கோடு இருநூற்றுப் பன்னிரண்டு.
மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
செல்போன் வெளிச்சத்தில் கோடுகளை எண்ணினேன்,
இரண்டு தடவை.
அவர் கணக்குதான் சரி.

தராசின் அட்டைக்கு எட்டாத முகவரி கிடையாது.
மேடை வேண்டாம், நேரே கொட்டும்.
கொட்டும் இடத்தை அறுபத்துநான்கின் மடங்கில்
நான் தொடங்கியிருக்க வேண்டும்.
செயலி எதையும் தனியாக நினைப்பதில்லை,
அறுபத்துநான்கு பைட்டு ஒரு கட்டு,
நினைத்தாலும் கட்டாக, மறந்தாலும் கட்டாக.
ஒரே கட்டுக்குள் தராசின் எடையும்
அவருடைய எண்ணிக்கையும்.
புது எடை வந்திருக்கிறது, பழசை மற
என்று நான் சொன்னபோதெல்லாம்
பக்கத்தில் அந்தக் கணம் கூட்டிவைத்த ஒன்றும்
சில வேளை சேர்ந்து போயிருக்கிறது.
மூன்று முறை.
வரப்பு போடாமல் மடை திறந்தவள் நான்.

இடத்தை நகர்த்தினேன்.
மிச்சத்தில் வெற்று பைட்டுகள்,
யாரும் நடாத ஒரு சாண் நிலம்.
மூன்று மூட்டைக் கூலியைக் கையால் எழுதிச் சேர்க்கச் சொன்னேன்;
பட்டியல் எழுத்தர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன்.

ஈரமானியின் நிரலில்,
மேடை கேட்கும் வரிக்கு மேலே,
ஒரு பழைய குறிப்பு, என்னுடையதுதான்:
'இரட்டை வேலை. புது அட்டை வந்ததும் எடுத்துவிடலாம்.'

"புதுப் பாலம் சாங்ஷன் ஆயிருச்சாம்,
லாரி நேரா உள்ளயே வந்துரும்"
என்கிறார் ஜக்கரியா, டீ கிளாஸை அலசிக்கொண்டு.
வீரமுத்து எதுவும் சொல்லாமல்
தலைத்துண்டை உதறி மறுபடி சுற்றுகிறார்.
குறிப்பை அழிக்கப் போனேன்.
கர்சர் அதன்மேல் மின்னிக்கொண்டே இருக்கிறது.

இருநூற்றுப் பதின்மூன்று.
திரையில் சரியாக ஏறுகிறது எண்.
அவர் அதைப் பார்ப்பதில்லை,
குனிந்து செங்கல் சில்லைத் தேடுகிறார்.